இருபதாவது நிமிடம்

பல் மருத்துவரான மகள் அப்பாவின் கன்னங்களில் மின்பட்டைகளை ஒட்டினாள். கருவி நாற்பது நிமிடம் நரம்பைத் தூண்டினால்தான் தாடைத் தசை தளர்ந்து, கடிக்கும்போது மேல்தாடையும் கீழ்த்தாடையும் எங்கே பொருந்தும் என்று தெரியும். ஊருக்கெல்லாம் பல்செட் செய்தவருக்குத் தன் செட்டுக்காக உட்கார இருப்புக்கொள்ளவில்லை.

"சும்மா இருங்கப்பா."

"நான் சும்மாதான் இருக்கேன். உன் மிஷின்தான் என் கன்னத்துல தாளம் போடுது. தையல்காரர் செட்டைத் தேய்ச்சுக் கொடுக்கணும்மா. பாவம், ஒரு பக்கமாவே மெல்றாரு."

இருபதாவது நிமிடமே பட்டைகளைப் பிய்த்துக்கொண்டு எழுந்தார். "மீதி நாளைக்கு."

அன்று மாலையே பட்டறை நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவில்லை.

ஒரு வாரம் கழித்து அவள் பட்டறையில் அவருடைய மேசை இழுப்பறையைத் திறந்தாள். தையல்காரரின் செட் டப்பாவில் இருந்தது. உயர்ந்து நின்ற ஒரு பல்லைச் சுற்றி அப்பா பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். பல் இன்னும் தேய்க்கப்படாமலே இருந்தது.