நாங்கள் வெள்ளையடித்த கல்லறை

அப்பாவை வீட்டுக்கே கூட்டிப் போகச் சொல்லிவிட்டார் டாக்டர்.

தன் அப்பாவின் குழியிலேயே தன்னையும் வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் அப்பா கேட்பது. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் புது இடம் கிடையாது. குடும்பக் கல்லறை இருந்தால் அதைத் திறந்து அதிலேயே வைப்பார்கள்.

அதற்காக இன்று காலை அத்தையும் நானும் தாம்பரத்தில் கோயில் ஆபீசுக்குப் போனோம்.

பழைய பதிவேடுகளில் தாத்தாவின் பெயர் ஞானஸ்நானத்தில் சாமுயேல், கல்யாணத்தில் சாமியேல், நாங்கள் வெள்ளையடிக்கும் கல்லறையில் சாமுவேல். கிளார்க் அண்ணா குழம்பிப்போய்க் கேட்டார்.

"தாத்தாவோட அப்பா பேரு என்னம்மா?"

"ஞானமுத்து" என்றேன். அத்தை இன்னும் உரக்கச் சொன்னார்.

அண்ணா அடக்கப் பதிவேட்டில் வெகுநேரம் தேடினார்.

"நீங்க சொல்ற கல்லறைல இருக்கிறது வேற சாமுவேல்மா. அவரு அப்பா பேரு அந்தோணி. உங்க தாத்தாவ சுவரோரம் பொதுக்குழில வெச்சிருக்காங்க. அதுக்கப்புறம் அங்க நிறைய பேர வெச்சாச்சு."

"அப்ப வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு யாருக்கோ சுண்ணாம்பு அடிச்சிகினு இருந்தோமா?" என்றார் அத்தை. அண்ணா பதிவேட்டை மூடிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கண்ணைத் திறந்தார்.

"இடம் பாத்தியாம்மா?"

"பாத்துட்டேன்பா."

அந்தோணி மகன் சாமுவேலின் பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் பதில் போடுங்கள். இத்தனை வருடமும் உங்கள் தாத்தாவை நாங்கள்தான் பார்த்துக்கொண்டோம். அவர் பக்கத்தில் எங்கள் அப்பாவை வைக்கச் சம்மதிப்பீர்களா?

மிகவும் இளைத்துவிட்டார். அதிக இடம் எடுக்க மாட்டார்.