ஒரே நாளில் கடல், நகரம், சிங்கம்

சுற்றுலா நடத்துகிறவனுக்கு ஊரும் வழியும் தெரிந்தால் போதாது, யாருக்கு எப்போது மூத்திரம் முட்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சொந்தக்காரர்களை ஒரு வேனில் அடைத்துக் கோயிலுக்காவது கூட்டிப்போய்த் திரும்பியவர்கள் என் கட்சி. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் கும்மிடிப்பூண்டியில் ஒரு பழைய பஸ்ஸைப் பிடித்து, 'குறைந்த செலவில் ஒரே நாளில் கடல், நகரம், சிங்கம்' என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினேன். ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பொன்னேரியில் அரிசி ஆலை வைத்திருந்த என் மாமனார் கெடு வைத்துவிட்டார். "தீபாவளி வரிக்கும் பாருங்க மாப்ள. அப்பறம் மில்லுல வந்து ஒக்காந்துடுங்க." மில்லுக்குப் போனால் ஆயுசு முழுக்கத் தவிடும் மாமனாரும்தான். நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது.

பகலில் சும்மா இருப்பவர்கள்

தீபாவளி நெருங்கும்போது சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புத் தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டார்கள். வெல்ஃபேர் ஆபீசர் வரதன் சார் முதலில் ஒரு ட்ரிப் பார்க்கலாம் என்றார். தானே கூட வருவாராம். திருப்தியாக இருந்தால் வருஷா வருஷம் எல்லா டிபார்ட்மெண்டுக்கும் நான்தானாம். அவர் காலில் விழாத குறை.

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று பணிவாகக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஞாயிறு எதுக்குப்பா? நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்களை அப்படியே கேட்லயே ஏத்திக்கோ. அவங்க பகல்ல சும்மாதானே இருக்காங்க!"

சாச்சா வீட்டுக் கல்யாணம்

அப்படியே ஏற்றிக்கொண்டேன். எல்லோரும் நீலச் சட்டை, கையில் டிபன் கேரியர், கண் இரண்டும் மிளகாய்ப் பழம். பழவேற்காட்டில் படகில் உட்காரவைத்துப் பூநாரைக் கூட்டத்தைக் காட்டினேன். பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றபடி தூங்கின. இவர்கள் உட்கார்ந்தபடி தூங்கினார்கள்.

கரை ஏறிக் கிளம்பியதும் டிரைவர் காதர் பாய் ஒரு பந்தல் முன்னால் பஸ்ஸை நிறுத்தினார். அவருக்கு அதுதான் சொந்த ஊர். "எங்க சாச்சா பொண்ணுக்கு நிக்காஹ். வாசலோட போய்க்கினு தலைய காட்டாம போனா, சித்தப்பான்ற மொறையே வுட்டுப்பூடும் சார்" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். மாப்பிள்ளைப் பையனுக்கும் கும்மிடிப்பூண்டியில்தான் வேலை. நீலச் சட்டைகளைப் பார்த்த சாச்சா, மாப்பிள்ளையோடு வேலை செய்கிறவர்கள் என்று முடிவுகட்டி, ஒரு பஸ் ஆட்களையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். நான் வேண்டாம் என்று கத்துவதற்குள் நாலு பேருக்கு ஒரு பெரிய தட்டு என்று பிரியாணி வந்துவிட்டது. ஒரே தட்டில் நாலு கை. வரதன் சார் கையும் அதில் ஒன்று.

வழியனுப்ப வந்த சாச்சா ரொம்ப மனம் நொந்துபோயிருந்தார். "மாப்ளைக்கு இத்தினி சிநேகிதக்காரங்க! ஒருத்தராச்சும் மாப்ள மூஞ்ச பாத்தாங்களா? துன்னாங்க, பஸ்ல ஏறிக்கினாங்க!"

நகரம்

நைட் ஷிப்ட்டும் பிரியாணியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மெரினா, லைட் ஹவுஸ், கோட்டை என்று மைக்கில் தொண்டை கிழியக் காட்டிக்கொண்டு வந்தேன். பின்னாலிருந்து குறட்டைதான் பதில். மரியாதைக்குக் காதர் பாய் மட்டும் "அப்டியா சார்" என்று கேட்டுக்கொண்டு வந்தார். வரதன் சார் முகம் கறுத்துக்கொண்டே போனது. எனக்குத் தவிட்டு வாசனை அடிக்க ஆரம்பித்தது.

ஏசி போட்ட பெரிய கடை வளாகத்தில் உலுக்கி இறக்கினேன். நகரும் படியில் ஏறினார்கள். அப்பாடா, ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஃபிட்டர் முனுசாமி கைப்பிடியில் காதை வைத்தார். அடுத்த நிமிஷம் கீழே இறங்கி வந்து சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டார். படி நின்றது. பாதியில் நின்ற அம்மாள் ஒருத்தி பைகளோடு அலறினாள். காவலாளி ஓடி வந்தான். படியில் ஒரு கோளாறும் இல்லை. முனுசாமி கேட்ட சத்தம், பக்கத்தில் ஐஸ்கிரீம் மிஷின் போட்டது. அவர் அசராமல் காவலாளியையே மடக்கினார். "சத்தம் வந்தா மொதல்ல நிறுத்தணும், அப்பாலதான் இன்னா ஏதுன்னு பாக்கணும். சேஃப்டின்னா இன்னான்னு தெரியுமா ஒனக்கு?"

சிங்கம்

கடைசி நம்பிக்கை வண்டலூர் மிருகக்காட்சி சாலை. சிங்கத்தைப் பார்த்தாவது விழித்துக்கொள்வார்கள் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன். கம்பி போட்ட வண்டியில் காட்டுக்குள் போனோம். ஒரு மரத்தடியில் சிங்கம் நாலு காலையும் பரப்பிப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னலைத் தட்டினேன், விசில் அடித்தேன். கூட வந்த வனக் காவலர் என்னை அதட்டினார். அந்தச் சத்தத்தில் முனுசாமி ஒற்றைக் கண்ணைத் திறந்து சிங்கத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "வுடு சார், பாவம். அதுவும் இன்னா ஷிப்ட் முடிச்சிட்டு வந்துக்குதோ!"

சங்கு

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு விளக்கு எரியவில்லை, குறட்டை மட்டும்தான். வரதன் சார் முன் சீட்டில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். மாமனாரிடம் என்ன சொல்வது என்று நான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். சிப்காட்டுக்குள் நுழையவும் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. பஸ் மொத்தமும் ஒரே நேரத்தில் எழுந்து, டிபன் கேரியரோடு வரிசையில் நின்றது.

வரதன் சார் வாசற்படியில் வழி மறித்து, "இன்னைக்கு என்னய்யா பார்த்தீங்க?" என்றார். என் மனைவி முகம் ஒரு தடவை கண் முன்னால் வந்து போனது.

முனுசாமிதான் தலையைச் சொறிந்துகொண்டு பேசினார். "பாத்தது இன்னா சார் பெருசு. ஊட்ல தகர ஷீட்டு, அனலு. புள்ளைங்க கத்தும், பக்கத்தூட்ல டிவி அலறும். பகல்ல கண்ண மூடி வருசமாச்சு. இன்னிக்கித்தான் சார் மனுசனாட்டம் தூங்கினோம். நெக்ஸ்ட் வருசமும் இதே பஸ்ஸ சொல்லிடுங்க." பின்னால் நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். வரதன் சார் வழி விட்டு நகர்ந்து என் பக்கம் திரும்பினார். "அடுத்த ட்ரிப்ல எல்லா ஜன்னலுக்கும் திரை போட்டுடுப்பா."

அப்படித்தான் நான் தவிட்டிலிருந்து தப்பித்து, கடலையும் நகரத்தையும் சிங்கத்தையும் யார் கண்ணிலும் படாமல் சுற்றிக் காட்டியே பல வருஷம் பிழைத்தேன்.