தகரக் கூரையில் தெரிந்த அருந்ததி

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அருந்ததி தெரியாமல் போனதாகச் சரித்திரமே இல்லை. நல்ல பகல் நேரம், வெளியே மூடுபனி, மேலே தகரக் கூரை. ஆனாலும் ஐயர் விரலை நீட்டினால் மாப்பிள்ளைக்குத் தெரியும், மாப்பிள்ளை காட்டினால் பொண்ணுக்கும் தெரியும். தெரியவில்லை என்று சொன்ன ஒரே பொண்ணு, நான் அறிய, நான்தான்.

தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் எனக்குக் கல்யாணம். அம்மி மிதித்தாயிற்று, மெட்டி போட்டாயிற்று. "அருந்ததி தெரியுதா?" என்று ஐயர் கேட்டார். என் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்து, "நல்லா தெரியுதுங்க" என்றார். அந்த 'நல்லா' தேவையே இல்லை. அவர் எனக்கு விரல் காட்டிய இடத்தில் தகரத்தில் ஒரு ஓட்டையும், அதை அடைத்த தாரும்தான் இருந்தன. "எனக்குத் தெரியலைங்க" என்றேன். பின்னால் நின்ற மாமியார் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளி, "தெரியுதுன்னு சொல்லித் தொலை புள்ள" என்றார். சொல்லித் தொலைத்தேன்.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கொத்மலைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நுவரெலியா வரைக்கும் மேலே ஏற வேண்டும். வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். "இந்த ரோட்டுல நான் கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன்" என்று பெருமையடிப்பார். அது பெருமை இல்லை, உள்ள நிலவரம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அது ஒரு சித்திரை மாதம். மத்தியானம் கொட்டிய மழையில் கரண்ட் போய்விட்டது. பொழுது சாய்ந்து இருட்டியதும் வானம் கழுவிவிட்ட மாதிரி துலங்கியது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எனக்கு ஃபோனை வைத்துக்கொண்டு நட்சத்திரம் பார்க்கிற கிறுக்கு உண்டு. அன்றைக்கு வடக்கே ஏழு நட்சத்திரங்கள் அகப்பை மாதிரி தெளிவாக நின்றன. அகப்பைக் காம்பின் நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவரை ஒட்டினாற்போல் மங்கலாக ஒரு பொட்டு, அதுதான் அருந்ததி. சும்மா பார்த்தால் ஒன்று, உற்றுப் பார்த்தால் இரண்டு. கல்யாணமாகி இத்தனை காலம் கழித்து அந்த அம்மாளை முதல்முறையாகப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

"வாங்க, மண்டபத்துல காட்டினீங்களே, இப்ப காட்டுங்க பாப்போம்" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். கேலிக்குத்தான். மனுஷன் கொஞ்சமும் அசராமல் கையை நீட்டி, "அந்தா, செவப்பா, எவ்ளோ பெருசா இருக்கு" என்றார். அவர் காட்டியது எதிர் மலையில் நிற்கும் டெலிபோன் டவரின் உச்சி விளக்கை.

லயமே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பிடித்து வடக்கே திருப்பினேன்.

"காம்புல நடுவுல எத்தன இருக்கு, ஒண்ணா ரெண்டா?"

"எந்தக் காம்பு?"

"சரி, என்னதான் தெரியுது?"

"கலங்கலா வெளிச்சம்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. காலையில் அந்த வேனில் ஏறி, ஜன்னல் வழியாகத் தாய்மாருக்குக் கையாட்டுகிற பிள்ளைகள்தான் கண்ணுக்குள் வந்தார்கள்.

வீட்டுக்குள் இழுத்துப் போய் விசாரித்தேன். "கொஞ்ச வருஷமா இப்படித்தான்" என்றார், சளித் தடிமன் பிடித்த கதையைச் சொல்கிறவர் மாதிரி. "கண்ணாடி போட்ட டிரைவர நம்பி யாரு புள்ளைய ஏத்துவா? எல்லாரும் அடுத்த வேனுக்குப் போயிருவாங்க. அப்புறம் நாம என்னத்த சாப்பிடறது?" கண் தெரியாதவரை நம்பி ஏற்றுவார்களாம், கண் தெரிந்துவிட்டால் இறக்கிக்கொள்வார்களாம். என்ன ஞாயம் பாருங்கள். வேன் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். "கண்ணாடி வந்தாத்தான் சாவி வரும்" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. பஸ்ஸில் நுவரெலியாவுக்குக் கூட்டிப் போனேன். கண்ணைச் சோதித்தவர் என் வீட்டுக்காரரின் தொழிலைக் கேட்டுவிட்டு, அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடி அன்றைக்கே கிடைத்தது. திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, பள்ளிக்கூடம் சேர்ந்த புதுசில் படிக்கிற பிள்ளை மாதிரி கடைப் பலகை ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். டவுனைத் தாண்டி பஸ் வளைவுகளில் இறங்கத் தொடங்கியதும் படிப்பு நின்றது. முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பள்ளம் எப்பவும் இவ்ளோ ஆழமாவா இருந்துச்சு?"

"ரோடு போட்ட காலத்துலருந்து" என்றேன்.

வீட்டுக்கு வந்தும் சோற்றில் கை வைக்கவில்லை. அன்றைக்கு எனக்கும் அவரைக் கேலி செய்ய மனசு வரவில்லை.

திங்கட்கிழமை கண்ணாடியோடு வேனை எடுத்தார். முச்சந்தியில் பிள்ளையை ஏற்ற வந்த ஒரு தாய், "அண்ணே, இன்னைக்குத்தான் எங்களப் பாத்துச் சிரிக்கிறீங்க. இத்தன நாளா உங்களுக்குத் தலைக்கனம்னு நெனச்சிட்டோம்" என்றாளாம். ஒரு பிள்ளைகூட அடுத்த வேனுக்குப் போகவில்லை.

போன தையில் என் கொழுந்தனுக்குக் கல்யாணம். அவன் ஆட்டோ ஓட்டுகிறவன். அதே மண்டபம், அதே தகரம், அதே தார். ஐயர் கேட்டார். கொழுந்தன் அண்ணாந்து பார்த்து, "நல்லா தெரியுதுங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தம்பியின் காதுப் பக்கம் குனிந்தார்.

"சனிக்கெழம வரைக்கும் ஆட்டோவ எடுக்காத. அன்னைக்கு என்கூட நுவரெலியாவுக்கு பஸ்ஸுல வா" என்றார்.