நான் எரித்த கொப்பி
ஒரு பெண் இரண்டு வருடமாக எழுதியதை நான் எரித்தேன். எண்பதுகளின் கடைசியில் சுவிட்சர்லாந்தின் ஓஸ்டர்முண்டிகனில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்த ஆசிரியை அவர். அடிமை முறையை எதிர்த்து எழுதிய பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர் ஒருத்தியின் வாழ்க்கையைத் தமிழில் எழுதிவந்தார். எங்களில் ஒருவருடைய அகதி வழக்கும் முடிந்திருக்கவில்லை. ஒரு காலை பொலிஸ் கார் வாசலில் நின்றது. பக்கத்துக்குப் பக்கம் ‘விடுதலை’ என்றிருந்த கொப்பியை இயக்கத்தின் எழுத்தென்று நினைத்து எங்களை இலங்கைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, விறகடுப்பில் போட்டேன். பொலிஸ் பக்கத்து வீட்டுக்குத்தான் வந்திருந்தது.

மாலையில் அவரிடம் ஒப்புக்கொண்டு, புதுக் கொப்பி ஒன்றை விரித்தேன். “நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்.”

மூன்று பக்கம் சொன்னார். பிறகு நிறுத்தினார்.

“மிச்சத்தை அடுப்பிட்டைக் கேளுங்கோ அண்ணை. முழுக்க வாசிச்சது அதுதானே.”

அந்த மாதமே வேறு வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு அவர் எதுவும் எழுதியதாக நான் அறியவில்லை.