பக்கத்து பிளாக் பெண்மணியின் நாய்

2024 நவம்பர் 12, செவ்வாய். காலை ஆறேகாலுக்கு தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் பூங்காவில் வழக்கமான நடை. கழுத்துவரை ஷால் போர்த்திய பக்கத்து பிளாக் பெண்மணி, தினமும் தன் நாயின் விலாவை அழுத்திப் பார்ப்பார், அது முனகும். அவர்தான் அடிக்கிறாரோ என்று சந்தேகப்பட்டு, அன்று கேட்டேவிட்டேன்.

“அடிக்கிறது என் வீட்டுக்காரர், சார். பெண்கள் காப்பகத்துல எனக்கு இடம் இருக்கு, இவனுக்கு இல்ல. விட்டுட்டுப் போனா கொன்னுடுவார். நீங்க வெச்சுக்கிறீங்களா?”

முழுதாக நம்பாமல்தான் வாங்கிக்கொண்டேன்.

மாலையில் கணவர் வந்தார். “மேடம் கோவிச்சுட்டு எங்கியோ போயிட்டாங்க, பாய் சாப். நாய் இங்க இருக்கா?” என்று சிரித்தார். உள்ளே கட்டிலடியில், அந்தக் குரலுக்கே நாய் சிறுநீர் விட்டிருந்தது.

“இல்லையே,” என்றேன்.

மறுநாள் முதல் வேலையாக நாயை ஆட்டோவில் கரோல் பாக் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கே போகிறேன் என்று வாட்ச்மேனிடம்கூடச் சொல்லவில்லை.