ஓடுறவன் போத்தல்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வரக்காப்பொலயில் சாப்பாட்டுக் கடை, குருவிட்டவில் மாணிக்கக் குழி என்று அலைந்து, கடைசியில் எஹலியகொடவில் ஒரு குளிர்பான முகவரின் லொறியில் ஏறினேன். விளையாடுகிறவர்கள் குடிக்கிற பானம் அது. எங்கள் றப்பர்த் தோட்டத்தில் அதன் பெயரை யாரும் சொல்வதில்லை. நீல லேபளில் ஒரு மனிதன் ஓடிக்கொண்டிருப்பான். ‘ஓடுறவன் போத்தல்’ என்றால்தான் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். காய்ச்சல்காரரைப் பார்க்கப் போகிறவர்களும் அதைத்தான் வாங்கிப் போவார்கள்.

பிறகு கம்பெனி லேபளை மாற்றியது. ஓடுகிற மனிதன் போய், வெள்ளை லேபளில் ஆங்கில எழுத்துகள் மட்டும் சாய்ந்து நின்றன. புதியதை இறக்கிவிட்டுப் பழையதை ஒன்று விடாமல் எடுத்துவர வேண்டும் என்றார்கள். எடுத்து வந்ததைக் கிடங்குக்குப் பின்னால் ஊற்றிவிட்டு, போத்தல்களை மிதித்து நசுக்கினோம்.

அந்த வேலை முடிகிற சமயத்தில் அக்காவின் புருஷன் இறந்தார். றப்பர் மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தாராம். எழும்பவில்லை. நன்றாக வொலிபோல் ஆடுவார். ஆட்டம் முடிந்தால் அவருக்கு அந்தப் போத்தல் வேண்டும்.

கருமாதிக்கு முன்பு அக்கா போனில் பேசினாள்.

“தம்பி, படையலுக்கு ஓடுறவன் போத்தல் ஒண்ணு கொண்டாந்துரு. புதுசு வேணாம்.”

“உள்ளுக்க எல்லாம் ஒண்ணுதான்க்கா.”

“உனக்கு ஒண்ணு. அவருக்கு எழுத்து தெரியாதுல்ல. படத்த பாத்துத்தானே எடுப்பாரு.”

லொறி போன பாதையிலெல்லாம் கேட்டேன். குருவிட்டவில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் சிரித்தார்.

“நல்ல கத தம்பி. ரெண்ட வெச்சிட்டுப் போங்கன்னு சென்ன நேரம் கேக்கல்ல. நீங்கதானே அள்ளிட்டுப் போன!”

லொறி ஓட்டுகிற சிங்களவருக்கும் வேடிக்கையாக இருந்தது. “செத்த ஆள் லேபள் பாக்குறதா மல்லி?” என்றார். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி.

கிடங்குக்குப் பின்னால் போய்க் குவியலைக் கிளறினேன். எல்லாம் மழையில் ஊறிச் சேறு பிடித்துக் கிடந்தன. புதிய போத்தலில் ஒட்டலாம் என்று ஒரு லேபளை உரித்தேன். ஓடுகிறவன் இடுப்போடு கிழிந்து வந்தான். அதை அங்கேயே போட்டேன்.

கருமாதியன்று புதிய போத்தலைத்தான் கொண்டு போனேன். அக்கா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு, கறி, வெற்றிலை, சுருட்டு எல்லாவற்றோடும் அதையும் மச்சானின் படத்துக்கு முன்னால் வைத்தாள். செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, எல்லோரும் லயத்து வீட்டு வாசலில் நின்றோம்.

தூறல் பிடித்தது. பசியோடு வந்த சனம் முணுமுணுத்தது. மச்சானின் சித்தி கதவுப்பக்கம் போனாள்.

“போதும்டி, கதவத் தொற. சோறு ஆறிப் போகுது.”

அக்கா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“இன்னும் கொஞ்சம் இருங்க சித்தி. அவரு தேடிக்கிட்டு இருப்பாரு.”