பலகை முழுக்க ஒரே அலிஃப்

1. இருமல்

பலகையில் ஜாவி எழுத்தை ஓட்ட நான் அசெம்பிளி மொழியில் எழுதிய புரோகிராம் ரொட்டீன் முதல் தடவை ஓடியபோது பட்டறையில் ஃபியூஸ் போனது. மின்விசிறி, ரேடியோ, சோல்டரிங் அயர்ன் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அன்று வெள்ளிக்கிழமை காலை. மத்தியானம் பலகை கேட்டிருந்த ஹாஜி வருவதாக இருந்தார்.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் சரோஜா. சிப் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே இரவு வகுப்பில் புரோகிராமிங் படித்தவள். மலாக்கா டவுனில் குணா அண்ணன் ஒரு சின்னப் பட்டறை வைத்து, எழுத்து ஓடும் விளக்குப் பலகைகள் செய்துகொண்டிருந்தார். தொழிற்சாலையின் நிரந்தர வேலையை விட்டுவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். "பென்ஷன் வயசு வரைக்கும் பாக்க வேண்டிய வேலைய விட்டுட்டு பல்பு மாட்டப் போறாளாம்" என்று என் அம்மா எங்கள் புக்கிட் காத்தில் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். வெளியே காட்டினால் அம்மா ஜெயித்துவிடுவாரே!

ஹாஜிக்குக் கோலா சுங்கை பாருவில் துணிக்கடை. நோன்புப் பெருநாளுக்குக் கடை வாசலில் பலகை மாட்ட வேண்டும் என்றார். ஒரு வரி ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில்; ஒரு வரி ஜாவியில், அதாவது மலாய்க்காரர்கள் எழுதும் அரபு எழுத்தில். குணா அண்ணன் தானே எழுதியிருந்த பழைய புரோகிராமில் ரூமியை ஓட்டிக் காட்டினார். எழுத்துகள் நின்று நின்று, குதித்துக் குதித்து வந்தன. ஹாஜி கைகட்டிப் பார்த்தார்.

"குணா, இனி ஜாலான்கா, பாத்தோக்கா?" என்றார். இது நடக்கிறதா, இருமுகிறதா என்று மலாயில் அர்த்தம்.

அவர் போனதும் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "சரோஜா, வெள்ளிக்கெழம தொழுக முடிஞ்சு வர்றேன்னு சொல்லிட்டாரு. அன்னிக்கும் இருமுச்சுன்னா போர்டு வேணாமாம். இந்த ஆர்டரும் போச்சுன்னா ஒனக்குக் குடுக்க எங்கிட்ட வேல இல்லம்மா. திங்கக்கெழம நீ வர வேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

2. கெட்டிக்காரி

பலகை ஓடும் விதம் மிகச் சாதாரணமானது. விளக்குகளின் ஒவ்வொரு செங்குத்து வரிசைக்கும் மெமரியில் ஒரு இடம். எழுத்து நகர வேண்டுமானால், ஒவ்வொரு இடத்தில் இருப்பதையும் அடுத்த இடத்துக்கு காப்பி செய்ய வேண்டும். கண் இமைப்பதற்குள் முழு வரிசையும் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்தால் எழுத்து வழுக்கிக்கொண்டு போகும். தாமதமானால் இருமும்.

அண்ணனின் புரோகிராம் வரிசை முழுவதையும் முதலில் மெமரியில் வேறொரு மூலைக்குக் கொண்டுபோய் வைத்தது. பிறகு அங்கிருந்து எடுத்து, ஒரு இடம் தள்ளி, திரும்பக் கொண்டுவந்தது. ஒரே வேலை இரண்டு தடவை. பார்த்ததும் சிரித்துவிட்டேன். "என்னண்ணே, பக்கத்து வீட்டுக்குப் போறதுக்கு சிங்கப்பூர் போயிட்டு வரீங்க?" என்று கேட்டேன்.

"பத்திரமா போய்ச் சேருதுல்ல?" என்றார் அண்ணன்.

பத்திரம் யாருக்கு வேண்டும்? அந்த மூலையைத் தூக்கி எறிந்தேன். வரிசை தன் இடத்திலேயே நகரும்படி எல்டிஐஆர் போட்டேன். Z80 சிப்பில் அந்த ஒரு கட்டளை போதும், வரிசை முழுவதையும் முன்னாலிருந்து ஒவ்வொன்றாகக் காப்பி செய்துவிடும். ஆனால் அது ஒவ்வொரு காப்பிக்கும் பிறகு 'முடிந்ததா?' என்று நின்று பார்க்கும். அந்த நேரமும் எனக்குப் பொறுக்கவில்லை. அதை எடுத்துவிட்டு, ஒரே ஒரு இடத்தை மட்டும் நகர்த்தும் எல்டிஐ கட்டளையை வரிசையின் நீளத்துக்கு வரிவரியாக அடுக்கினேன். கேள்வியும் இல்லை, நிற்பதும் இல்லை.

ரூமி எழுத்து வெண்ணெயில் கத்தி போன மாதிரி போயிற்று. அண்ணன் "அலாமா!" என்று வியந்து கத்தியேவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜாவி வலமிருந்து இடமாகப் படிக்கிற எழுத்து. அதனால் பலகையில் இடப்பக்கம் நுழைந்து வலப்பக்கமாக ஓட வேண்டும். அதே ரொட்டீன்தான், போய்ச் சேரும் முகவரியை மட்டும் மாற்றினால் போதும் என்று மாற்றிவிட்டு சுவிட்சைத் தட்டினேன்.

ஜாவி வரி 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்ற சலாம் வாசகம். அதன் முதல் எழுத்து அலிஃப். நெட்டுக்குத்தாக ஒரே கோடு. அது உள்ளே நுழைந்ததுதான் தாமதம், பலகையில் இருந்த அத்தனை விளக்கும் ஒன்றாக எரிந்தன. பலகை முழுக்க அலிஃப்! அடுத்த நொடி ஃபியூஸ் போனது.

"என்னம்மா இது? துணிக்கடைக்கு போர்டு கேட்டா தீயணைக்கிற போம்பா வண்டிக்கு லைட்டு செஞ்சு வெச்சிருக்க?" என்றார் அண்ணன்.

3. கட்டில் ஊர்வலம்

ஃபியூஸ் மாற்றினோம். அண்ணன் தன் பழைய புரோகிராம் இருந்த சிப்பைக் கையில் எடுத்துவிட்டார். "இதையே மாட்டிருவோம். இருமுனா இருமட்டும்லா." கையில் காலி சிப் இன்னும் ஒன்றுதான் இருந்தது. சிப்பில் புரோகிராமைப் பதிப்பதை எரிப்பது என்போம்; அதில் தப்பாக எரித்தால் அழித்து மறுபடி எழுத நேரம் கிடையாது.

"அர மணி நேரம் குடுங்கண்ணே" என்றேன். ஒரு இடத்தில் இருந்த அலிஃப் எப்படி எல்லா இடத்துக்கும் போனது? பேப்பரில் கட்டம் போட்டேன். ஒன்றாம் கட்டத்தில் இருப்பது இரண்டுக்குப் போகிறது. இரண்டில் இருப்பது மூன்றுக்கு... பென்சில் அங்கேயே நின்றது. இதை நான் சின்ன வயதில் நேரில் பார்த்திருக்கிறேனே!

மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தின்போது அலோர் காஜா பக்கம் எஸ்டேட் லயத்தில், ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் இருந்தோம். லயத்தைச் சுற்றி முள்வேலி போட வந்தார்கள். காட்டோரமாக இருந்த முதல் வீடு வேலிக்குக் குறுக்கே நின்றது, அதை இடிக்க வேண்டும். கேட் பக்கம் புதிதாக ஒரு வீடு கட்டி, எல்லாக் குடும்பமும் கேட்டைப் பார்த்து ஒரு வீடு தள்ளிப் போகணும் என்று துரை உத்தரவு போட்டார். சைரன் ஊதுவதற்குள் முடிந்தாக வேண்டும். அதன்பிறகு வெளியே தலை தெரிந்தால் சுடுவார்கள்.

காலியாக இருந்தது கேட் பக்கத்து வீடுதான். அதை ஒட்டியிருந்தவர்கள் முதலில் நகர்ந்திருந்தால் எல்லாம் சுலபம். ஆனால் முதல் வீடு கங்காணியுடையது. திருவிழாவானாலும் பந்தியானாலும் முதல் மரியாதை அவருக்கு. இதை மட்டும் விட்டுக்கொடுப்பாரா? "மொதல்ல என் சாமான் நகரணும்" என்றார். அவருடைய தேக்குக் கட்டிலை ஆட்கள் தூக்கிவந்து, இரண்டாம் வீட்டுச் சாமான்களின் மேலேயே போட்டார்கள். அடுத்து, 'இரண்டாம் வீட்டில் இருப்பதெல்லாம் மூன்றாம் வீட்டுக்கு' என்று கட்டிலையும் சேர்த்தே தூக்கினார்கள். அப்படியே நாலுக்கு, ஐந்துக்கு.

எங்கள் வீட்டு வாசலில் அம்மா கத்தினார். "டேய், கங்காணி கட்டில எங்கடா கொண்டுட்டுப் போறீங்க? என் சட்டியெல்லாம் கீழ மாட்டிக்கிச்சுடா!" யார் கேட்டார்கள்? சைரன் ஊதியபோது லயத்துச் சாமான் மொத்தமும் கேட் பக்கத்து வீட்டில் குவிந்து கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலே கங்காணியின் கட்டில்.

என் ரொட்டீனும் அதைத்தான் செய்திருக்கிறது. ஒரே வித்தியாசம், லயத்தில் கட்டில் ஒன்றே ஒன்று. மெமரியில் காப்பி விழுந்தால் அங்கே இருந்தது அழியும், எடுத்த இடத்திலும் ஒன்று தங்கும்; அதனால் வீட்டுக்கு ஒரு கட்டில்! ரூமி இடப்பக்கம் போகிறது, அங்கே காலி இடம் முன்னால் இருந்ததால் தப்பித்துவிட்டேன். அண்ணனின் சிங்கப்பூர் சுற்று இந்த ஆபத்துக்காகத்தான். அதைப் பார்த்தா சிரித்தோம் என்று வெட்கமாகப் போய்விட்டது.

4. வெள்ளிக்கிழமை மத்தியானம்

ஜாவிக்குத் தனி ரொட்டீன் எழுதினேன். எல்டிஐக்குப் பதில் எல்டிடி. அது பின்னாலிருந்து காப்பி செய்யும், அதே வேகம். கடைசி சிப்பை எரித்து மாட்டும்போது ஹாஜியின் வேன் வாசலில் நின்றது. சோதித்துப் பார்க்க நேரமில்லை.

"செஞ்சிட்டியா?" என்றார் அண்ணன் மெதுவாக. நான் சுவிட்சைத் தட்டினேன்.

ரூமி வழுக்கிக்கொண்டு போனது. பிறகு பலகை இருண்டது. இடது ஓரத்தில் ஒரு அலிஃப் நுழைந்தது. ஒன்றே ஒன்று. அதன் பின்னால் லாம், சீன்... வரிசை கலையாமல் வலப்பக்கம் நடந்தன. நான் அழுதேவிட்டேன். ஹாஜி பலகைக்கு வாய்விட்டே பதில் சலாம் சொன்னார். பிறகு அண்ணன் தோளில் தட்டி, "சூடா பாயேக். தா பாத்தோக் லாகி" என்றார். குணமாகிவிட்டதாம், இருமல் இல்லையாம்.

வேன் போனபிறகு அண்ணன் கேட்டார். "காலையில ஃபியூஸ் போச்சு, இப்ப இந்த ஓட்டம் ஓடுது. என்னம்மா பண்ண?"

"கங்காணிய கடைசியா நகத்துனேண்ணே."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பழைய சிப்பை டப்பாவில் போட்டு மூடினார். "யாரையோ நகத்து. திங்கக்கெழம கொஞ்சம் வெள்ளனயே வந்துரு, இன்னொரு ஜாவி போர்டு இருக்கு."

அதற்குப் பிறகு எத்தனையோ சிப்புகளுக்கு காப்பி ரொட்டீன் எழுதிவிட்டேன். எவ்வளவு வேகம் என்பதை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். காலி வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.